பள்ளிக்கூடமும் சமுதாயக் கூடமும்: எங்கள் ஊரார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிச் சாவி கையை விட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. கேள்விகள் மட்டும் போகவில்லை. காதுகுத்துக்குக் கூடம் கிடைக்குமா என்று டீக்கடையில் நிறுத்திக் கேட்கிறார்கள். பள்ளிக்கு மின்விசிறி வாங்கித் தரலாமா என்று ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போன் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடம் கல்வித் துறையுடையது, கூடம் ஊராட்சியுடையது. இரண்டையும் ஏன் சேர்த்துப் பேசுகிறீர்கள்?

காகிதத்தில்தான் அவை இரண்டு. எங்கள் ஊரில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வேப்பமரமும் ஒரு கைப்பம்பும். பள்ளியில் ஆண்டு விழா என்றால் கூடத்து ஜமுக்காளம் இங்கே வரும். கூடத்தில் விசேஷம் என்றால் எங்கள் மேசைகள் அங்கே போகும், சில சமயம் ஒரு கால் ஆடியபடி திரும்பி வரும். ஒரு வருடம் ஐப்பசி மழையில் வகுப்பறை ஒழுகியபோது ஐந்தாம் வகுப்பு இரண்டு மாதம் கூடத்தில்தான் நடந்தது. அந்த இரண்டு மாதத்தில் வந்த முகூர்த்த நாட்களில் வகுப்பு வேப்பமரத்தடிக்குப் போனது. பாயசம் மட்டும் தவறாமல் வந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. எந்த வீட்டுக்கும், எந்தத் தெருவுக்கும், எந்தக் கோயிலுக்கும் சொந்தமில்லாத கூரை என்று எங்கள் ஊரில் சொன்னால் இந்த இரண்டுதான். ரேஷன் கடையும் பொதுதான், ஆனால் அங்கே யாரும் உட்கார முடியாது.

இவை வருவதற்கு முன் ஊர் எங்கே கூடியது?

மந்தைப் புளியமரத்தடியில், மாரியம்மன் கோயில் திடலில், சில ஊர்களில் சாவடித் திண்ணையில். ஊர்க் கவுண்டர் உட்கார, தலைக்கட்டுக்கு ஒருவராக ஆண்கள் சுற்றி நிற்க, திருவிழா வரியும் வாய்க்கால் தகராறும் அங்கேதான் தீர்ந்தன. இதை அழகான பழைய காலம் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் பெண்கள் இல்லை. காலனிக்காரர்கள் இருந்தால் தள்ளி நின்றார்கள், அதுவும் பதில் சொல்ல அழைக்கப்பட்டபோது மட்டும். புளியமரத்தின் மேல் எனக்குப் பிரியம் உண்டு. அந்தக் கூட்டத்தின் மேல் அவ்வளவாக இல்லை.

பள்ளி இருக்கும் நிலம் எங்கள் தாத்தா கொடுத்தது. எங்களுக்கு ஏதாவது உரிமை உண்டா?

நன்றிக்கு உரிமை உண்டு, கல்வெட்டில் பெயருக்கும் உரிமை உண்டு. அதற்கு மேல் இல்லை.

காமராஜர் காலத்தில், 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் அள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து நம்பிக்கையில் வாய்வார்த்தையாகக் கொடுத்தவர்களும் நிறையப் பேர். பேரன் காலத்தில் சென்ட் விலை ஏறும்போதுதான் தகராறு முளைக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். தாத்தாவைத் தெரிந்த ஒருவராவது உயிரோடு இருக்கும்போதே அதை முடித்துவிடுவது நல்லது.

கிராம சபைக் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் நடத்தினால் என்ன? நிழல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது.

கூடாது. மதம் சார்ந்த வளாகங்களில் நடத்தக் கூடாது என்பது அரசின் அறிவுறுத்தல். எப்போதும் ஒரே இடத்திலும் நடத்தாமல், ஊராட்சியில் உள்ள குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்காக இருந்த கூட்டங்கள், 2022 முதல் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்து ஆறாகிவிட்டன. குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் உண்டு: மக்கள்தொகை 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இவ்வளவு பேர் உட்கார எங்கள் பக்கத்து ஊர்களில் பள்ளி வளாகத்தை விட்டால் இடம் ஏது?

குடியரசு நாளும் சுதந்திர நாளும் பள்ளிக்கு மிகவும் பொருந்தும். காலையில் கொடியேற்றம், மிட்டாய், பிள்ளைகளின் பேச்சு, 11 மணிக்குக் கிராம சபை. பிள்ளையின் பேச்சைக் கேட்க வந்த தாய்மார்கள் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களை வீட்டுக்குப் போய் அழைத்தால் வரமாட்டார்கள்.

கோயில் மண்டபத்தில் யார் எங்கே உட்காருவது என்பது அவரவர் பிறப்பதற்கு முன்பே முடிவான விஷயம். வகுப்பறையில் அப்படி இல்லை. ஒருமுறை மழை வந்து கூட்டம் திடலிலிருந்து எட்டாம் வகுப்பு அறைக்கு மாறியது. காலனியிலிருந்து வந்த ஒரு பெண் கதவருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நேராக உள்ளே போய் மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "ஐயா, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். மூன்று வருடம் நான் உட்கார்ந்த இடம் இது" என்றார். பெரியவர் நகர்ந்தார். அன்று அவர் கேட்டது தெருவிளக்கு. அது வர எட்டு மாதம் ஆனது என்பது தனிக்கதை.

தேர்தலுக்குப் பள்ளியைக் கொடுப்பதால் படிப்பு கெடாதா?

இரண்டு மூன்று நாள் கெடும். பிள்ளைகள் அதைப் பெரிய இழப்பாகக் கருதியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் பள்ளிக்குக் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். வாக்குச்சாவடி என்றால் சாய்தளம், தண்ணீர், கழிப்பறை, மின்சாரம் எல்லாம் இருந்தாக வேண்டும். பல வருடம் எழுதி எழுதிக் கிடைக்காத சாய்தளம் எங்கள் பள்ளிக்கு ஒரு தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் வந்தது. அதில் முதலில் ஏறியது முட்டை அட்டைகள் கட்டிய சைக்கிள். பிறகுதான் வாக்காளர்கள்.

இதைச் சலிப்பாக நினைப்பவர்கள் கோட்டூர் மலையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து மலைக்கிராமம். பாதை இல்லாததால் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிப் போன ஊர் அது.

ஊர் வேலை எல்லாவற்றுக்கும் ஆசிரியரைக் கூப்பிடலாமா?

சட்டப்படி முடியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 27: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாரா வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது. பத்திரம் படித்துக் காட்டச் சொல்லியும், வங்கிப் படிவம் நிரப்பச் சொல்லியும், பெண் பார்க்கப் போகும்போது மரியாதைக்கு உடன் வரச் சொல்லியும் கேட்பார்கள். அதெல்லாம் சட்டத்தில் வராது. நான்கு மணிக்கு மேல் செய்திருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருக்கும்.

மகள் கல்யாணத்துக்குப் பள்ளி வளாகம் கிடைக்குமா? கூடம் சிறியதாக இருக்கிறது.

கேட்காதீர்கள். தலைமை ஆசிரியர் தாமாக முடிவு செய்யக்கூடியது அல்ல, மேலதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். அவரைத் தர்மசங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். சாதி, மத, கட்சி நிகழ்ச்சி என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு கோடை விடுமுறையில், ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்களே என்று வாய்மொழியாக ஒரு வரவேற்புக்கு விட்டேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் முதல் வகுப்பு அறையில் எச்சில் இலை, திண்ணையில் வெற்றிலைச் சாறு, தண்ணீர்த் தொட்டிக்குள் இரண்டு காலி பாட்டில். அகர வரிசை எழுதிய சுவரில் 'ஈ' எழுத்தின் மேல் யாரோ மொய்க் கணக்குக் கூட்டிப் பார்த்திருந்தார்கள். கூட்டல் தப்பு. அது என் மாணவனின் கையெழுத்து என்பது அடுத்த வருத்தம்.

சரி, சமுதாயக் கூடத்தை எப்படிப் பிடிப்பது?

ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தரைப் பாருங்கள். நாளைச் சொல்லி, ஊராட்சி நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் கொடுத்த பணம் ஊராட்சிக்குப் போகாது, கூடத்துக்கும் போகாது. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாத்திரம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுங்கள். அண்டாவும் கரண்டியும் காணாமல் போவதால் சண்டை வந்த கூடங்கள் எனக்குத் தெரியும்.

தனியார் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்து நம் கூடத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. குளிர்சாதனமும் அலங்கார வளைவும் இங்கே இல்லைதான். ஆனால் கறிக்குழம்பும் களி உருண்டையும் பந்தி வைக்கக் கேட்டால் முகம் சுளிக்காத மண்டபம் இது. பத்துப் பவுன் கடன் வாங்காமல் மஞ்சள் நீராட்டு நடத்த முடிவதும் இங்கேதான்.

எங்கள் ஊர்க் கூடம் கட்டி ஏழு வருடமாகப் பூட்டியே கிடக்கிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருவது. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சாவி யாரிடம் இருக்கிறது?

கட்டடம் அரசுப் பணத்தில் எழும்பும். திறப்பு விழா நடக்கும், பெயர்ப்பலகை பளபளக்கும். அன்று மாலை சாவி ஒருவர் வீட்டு ஆணியில் தொங்கும். அதற்குப் பிறகு கூடம் வேண்டுமென்றால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவருக்கு ஓட்டுப் போடாதவர், அவர் பங்காளிக்கு வேண்டாதவர், அவர் தெருவில் செருப்புப் போட்டு நடக்கத் தயங்கிய குடும்பத்தில் பிறந்தவர் எல்லாம் அந்த வாசலுக்குப் போவார்களா? போகமாட்டார்கள். கூடம் பயனில்லாமல் கிடப்பதாக எழுதுவார்கள். பயன் இருக்கிறது, வாசல்தான் தவறு.

இன்னொரு சிக்கல் 2025 ஜனவரியில் வந்தது. 2019 தேர்தலில் வந்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் அப்போது முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களுக்குப் போனது. கையெழுத்து ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டது, சாவி பல ஊர்களில் பழைய ஆணியிலேயே நின்றது.

முதலில் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்: சாவி ஊராட்சி அலுவலகத்தில் ஒன்று, மகளிர் குழுவிடம் ஒன்று. கட்டணம் எவ்வளவு, துப்புரவுக்கு யார் என்று பலகையில் எழுதி மாட்டுங்கள். பிறகு தண்ணீரைப் பாருங்கள். மேல்தொட்டிக்குக் குழாய் வராத கூடத்தில் எந்தப் பெண்ணும் விசேஷம் வைக்கச் சம்மதிக்கமாட்டாள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐம்பது ரூபாய்த் தாழ்ப்பாள் இல்லாததால் பல லட்ச ரூபாய்க் கட்டடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பெரிய பழுது என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மீதியை அரசு தரும். ஊர்ப் பணம் போட்ட கூடத்தில் கரண்டியும் குறைவாகவே காணாமல் போகிறது.

ஊருக்கு ஒரு கூடம், காலனிக்கு ஒரு கூடம் என்று தனித்தனியாக இருப்பது சரியா?

சரியில்லை. ஆனால் அதை யார் சொல்வது என்பதில் விஷயம் இருக்கிறது.

"பொதுக் கூடம் இருக்கும்போது அவர்களுக்குத் தனியாக எதற்கு?" என்று கேட்கும் பெரியவரிடம், அந்தப் பொதுக் கூடத்தில் கடந்த பத்து வருடத்தில் காலனியின் எத்தனை கல்யாணம் நடந்தது என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கேட்டதற்காக வம்பும் வரும் என்ற நிலையில், தங்கள் தெருவிலேயே ஒரு கூடம் வேண்டும் என்று மனு எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பள்ளி இந்த இடத்தில் வேறாக நிற்கிறது. பள்ளியில் பந்தி ஒன்றுதான். அதற்கும் சண்டை நடந்துதான் வந்தது. சத்துணவு சமைப்பவர் இன்ன தெருவைச் சேர்ந்தவர் என்பதால் பிள்ளையின் தட்டை வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய தாய் எங்கள் பள்ளியிலும் இருந்தார். நான் சொற்பொழிவு ஆற்றவில்லை. அந்தப் பையனை முட்டை எண்ணிக் கொடுக்கும் பொறுப்பில் வைத்தேன். எண்ணிக்கொடுப்பவன் சாப்பிடாமல் இருப்பானா? இரண்டாவது வாரம் தட்டு வரவில்லை. எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

சாப்பாடு என்றதும் கேட்கிறேன். பள்ளிச் சமையலால் ஊருக்கு என்ன?

1956இல் காமராஜர் மதிய உணவு, 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். சத்துணவு, 2022 செப்டம்பர் 15இல் தொடங்கி மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த காலை உணவு. இந்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது சமைக்கும் கைகளை. காலை உணவைச் சமைப்பது மகளிர் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார்கள். விடியற்காலையில் பள்ளிக் கதவு திறந்துவிடுகிறது. உப்புமா கிளறும் வாசனையோடு, எந்த வீட்டில் யாருக்குக் காய்ச்சல், யார் தோட்ட வேலைக்குப் போய்விட்டார், எந்தப் பிள்ளை நேற்றிரவு சாப்பிடவில்லை என்ற செய்தியும் அங்கே கிடைக்கிறது. வருகைப் பதிவேட்டைவிட அது ஆசிரியருக்கு அதிகம் பயன்படும்.

மகளிர் குழுக்கள் ஏன் கூடத்தில் கூடாமல் பள்ளித் திண்ணையில் கூடுகிறார்கள்?

பழக்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்ற திட்டமே நம் தருமபுரியில்தான் 1989இல் தொடங்கியது, பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. கிருஷ்ணகிரி அப்போது நம் மாவட்டம்தான். பிரிந்தது 2004இல். கூட்டம் போட அந்தப் பெண்களுக்கு இடம் ஏது? கோயில் திடலில் ஆண்கள் சீட்டாடினார்கள். யார் வீட்டிலாவது கூடினால் மாமியார் கணக்குக் கேட்டார். பள்ளி விட்ட பிறகு திண்ணை காலி. பெயர் எழுதத் தெரியாமல் கைநாட்டு வைத்தவர்கள், சுவரில் இருந்த எழுத்துகளைப் பார்த்துக் கையெழுத்துப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையது, 68.5 விழுக்காடு. அந்தக் கையெழுத்துகளின் அருமை அதில் தெரியும்.

டீக்கடையில் எப்போதும் பள்ளிக்குத் தண்ணீர் வந்ததைப் பெரிதாகப் பேசுகிறீர்களே, ஏன்?

எங்கள் பள்ளி அலுவலக அறையில் எட்டாம் வகுப்புக் குழுப்படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றன. பழைய படங்களைப் பாருங்கள், ஒரு பிள்ளையும் பல் தெரியச் சிரித்திருக்காது. படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு உதட்டை இழுப்பார்கள், இல்லையென்றால் கை வாய்க்குப் போகும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் வளரும் பற்களில் பழுப்புக் கறை படியும், பல வருடம் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போகப் பல இடங்களில் நிலைமை மோசமானது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியுடன் 2013இல் நடைமுறைக்கு வந்தது. காவிரித் தண்ணீருக்குப் பள்ளியில் தனிக் குழாய் வைத்தோம். எந்தக் குழாய் குடிக்க, எந்தக் குழாய் கை கழுவ என்று பிள்ளைகள்தான் வீட்டில் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாலையில் குடத்தோடு வந்த பெண்களை நான் தடுக்கவில்லை. கடைசி நான்கைந்து படங்களில் பல் தெரிகிறது.

மழை வெள்ளத்தில் பள்ளி திறந்திருக்குமா?

திறக்கப்படும். 2024 டிசம்பர் முதல் தேதி இரவு ஃபெஞ்சல் புயலின் மழை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பேருந்து நிலையம் அருகே நின்ற வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. கடலே இல்லாத மாவட்டத்தில் புயலுக்கு யார் ஆயத்தமாக இருந்தார்கள்? இப்படிப்பட்ட இரவில் ஓடுவது பள்ளிக்கும் மண்டபத்துக்கும்தான், ஏனென்றால் மேட்டில் கட்டிய காரைக் கட்டடம் ஊரில் வேறு இருக்காது. வாட்ச்மேன் இல்லாத பள்ளிக்கு இரவில் சாவி கிடைக்கும் வீடு எது என்று ஊரில் நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். சாவிப் பேச்சை நான் விடமாட்டேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

அரசு முகாம்களுக்கு இவை போதுமா?

போதும், நாற்காலி மட்டும் வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். மாநிலம் முழுக்கப் போன திட்டங்கள் சில நம் பக்கத்துக் கிராமங்களில்தான் தொடங்கின: 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம், 2023 ஜூலை 24இல் தொப்பூரில் மகளிர் உரிமைத் தொகை விண்ணப்ப முகாம், 2024 ஜூலை 11இல் பாளையம்புதூரில் ஊரகப் பகுதிகளுக்கான மக்களுடன் முதல்வர். பெரியவர்கள் வந்தால் மேடை. சாதாரண நாளில் ஊசி போடும் நர்ஸ் அக்காவுக்கு எங்கள் இரண்டாம் வகுப்பு மேசை போதும்.

கூத்துக்குப் பள்ளியைத் திறந்துவிடலாமா?

வகுப்பறையைத் திறக்காதீர்கள், திண்ணையைக் கேட்டால் மறுக்காதீர்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் 18 நாள் நடக்கும் ஊர்களில், பகலில் பாரதம் படிப்பதும் இரவில் கூத்தும் வழக்கம். கூத்துக்காரர்கள் வேடம் கட்ட ஒதுக்குப்புறமான, வெளிச்சமுள்ள, தண்ணீர் உள்ள இடம் வேண்டும். எங்கள் ஊரில் அது கூடத்தின் சமையலறை. அது பூட்டியிருந்த வருடம் பள்ளித் திண்ணை.

அந்த வருடம் படுகளத்துக்கு மறுநாள், மண்ணால் செய்த துரியோதனன் திடலில் தொடை உடைந்து கிடக்க, நான் பள்ளியைத் திறக்கப் போனேன். திண்ணைத் தூணில் ஒரு முழுக் கை, ஐந்து விரலும் தெளிவாக, சிவப்பு அரிதாரத்தில் பதிந்திருந்தது. சுண்ணாம்பு அடிக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவனாகத் தன் கையை அதன் மேல் வைத்து அளந்து பார்த்தான். துரியோதனன் கை என்று ஒருவன், பீமன் கை என்று ஒருவன். மூன்று வருடம் நான் அந்தத் தூணுக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை. ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டபோது துரு என்று சொல்லிவிட்டேன்.

கூடத்தில் நடக்கப்போகும் கல்யாணத்தில் பெண்ணுக்கு வயது குறைவு என்று தெரிந்தால்?

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. நம் இரண்டு மாவட்டங்களிலும் இது ஆறாத புண். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி நடத்தி வைப்பவர், துணை போகிறவர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கூடத்தைத் தெரிந்தே கொடுத்தவர் எனக்கென்ன என்று ஒதுங்க முடியாது. அதனால் முன்பதிவின்போதே வயதுச் சான்று வாங்குங்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ் போதும். பள்ளிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்: ஒன்பதாம் வகுப்புப் பெண் பத்து நாள் வரவில்லை, பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தங்கை சொல்கிறாள், சொல்லும்போது தரையைப் பார்க்கிறாள். அன்று மாலையே வீட்டுக்குப் போக வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்குக்கே வரும் என்பதைத் தகப்பனிடம் சொல்லுங்கள். அறிவுரையைவிட அந்த ஆயிரம் நன்றாகப் பேசும்.

பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். பள்ளியை மூடிவிட்டால் என்ன நஷ்டம்?

காலையில் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து ஒவ்வொரு சந்திலும் ஹாரன் அடிக்கும்போது எனக்கும் வயிறு கலங்கும். ஆங்கிலம் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரைத் திட்டிப் பயனில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி, மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளி என்பது விதி. அந்த ஒரு கிலோமீட்டர்தான் கரட்டோரம் வசிக்கும் குடும்பத்துக்கு எல்லாமே.

நஷ்டம் என்ன என்று கேட்டால், வேனில் போகும் பிள்ளை தன் தெருப் பிள்ளைகளோடு மட்டும் போகிறது. இன்னொரு தெருப் பிள்ளையின் பெயரை அது முதலில் கேட்பது எப்போது? எருது விடும் நாளில் சண்டை மூளும்போதாக இருக்கலாம்.

தக்காளி லாரியில் ஏறி ஊரை விட்டு வந்து பெங்களூரில் வேலை பார்க்கிறேன். படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும். என்ன வாங்கித் தரலாம்?

முதலில் எதையும் வாங்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேளுங்கள். சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கேட்காமல் வந்த பொருள்கள் எங்கள் பண்டக அறையில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கின்றன: சாவி தொலைந்த இரும்பு அலமாரி, ஒரே வருடத்தில் நின்றுபோன தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி, வாழ்த்து அச்சடித்த 40 சுவர்க்கடிகாரங்கள். பள்ளியில் இருப்பதே ஒன்பது அறை. பணம் தருவதென்றால் 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்தின் வழியாகத் தரலாம், ரசீது கிடைக்கும். பணத்தைவிட நல்லது, பொங்கலுக்கு வரும்போது ஒரு நாள் எட்டாம் வகுப்போடு உட்கார்ந்து உங்கள் வேலை என்ன என்று சொல்லுங்கள். தக்காளி லாரியில் ஏறி ஊரை விட்டுப் போனதாகச் சொன்னீர்களே, அதையும் சேர்த்து.

கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன நூலகக் கட்டடம்?

2006 முதல் 2011 வரை அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஊராட்சி கட்டியது. எங்களுடையதில் இப்போது பிளீச்சிங் பவுடர் மூட்டை இருக்கிறது. புத்தகங்களை நான்காம் வகுப்பு அறைக்கு மாற்றினேன். கரையான் பாதியைப் படித்து முடித்திருந்தது.

கடைசியாக ஒன்று. வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. சாவி இப்போது யாரிடம்?

பால் சொசைட்டிக்கு எதிர் வீடு, நீலக் கதவு. மகளிர் குழுத் தலைவி அம்மா. ரசீதைக் காட்டுங்கள். அவர் மாங்காய் பறிக்கப் போயிருந்தால் சாயங்காலம்தான் வருவார். அவசரம் என்றால் மருமகளைக் கேளுங்கள், ஆட்டுக்கல்லுக்குப் பின்னால் ஒரு டப்பாவில் இருக்கும். பூட்டு கொஞ்சம் இறுகும், சாவியை லேசாக மேலே தூக்கித் திருப்ப வேண்டும்.